சுட்டுவிரல்

ஃபஹாஹீல். இரவு பதினொன்றே கால்.
வெளியே இன்னும் நாற்பத்தொரு டிகிரி.
மெர்லினை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி வண்டி போய்
ஐந்து மணி நேரம் ஆகிறது.

ஏழு மாத ரெபினாவின் கீழ் ஈறு
உப்பி, பளபளத்து, தொட்டால் கொதிக்கிறது.
அழுகை வாயில் தொடங்குவதில்லை.
குதிகாலில் தொடங்கி
முழங்காலை மடக்கி
வயிற்றை இறுக்கி மேலே வருகிறது.

ஃபிரிட்ஜ் கதவில் மெர்லினின் காகிதம்.
வார்டில் எழுதிப் பழகிய சாய்ந்த எழுத்து:
கை கழுவு, முழங்கை வரை.
துணி நடுத்தட்டில் இருக்கிறது, ஃபிரீசரில் வைத்துவிடாதே.
ஜெல் எதுவும் வேண்டாம்.
மணிமாலை யார் தந்தாலும் கழுத்தில் போடாதே.
காய்ச்சல் அடித்தால் பல்லின் மேல் பழி போடாமல்
என்னைக் கூப்பிடு.
கடைசி வரி மட்டும் வேறு பேனாவில்:
நீயும் சாப்பிடு.

ஆகஸ்டில் இங்கே
பச்சைத் தண்ணீர்க் குழாயில் கொதிநீர் வரும்.
ஹீட்டரை அணைத்துப் போட்டு
வெந்நீர்க் குழாயில்தான் கை கழுவுகிறோம்.
இதை ஊரில் சொன்னால் சிரிக்கிறார்கள்.

நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணி.
இரண்டு கையாலும் பற்றி
ஒரு வழக்கறிஞரைப் போல் அதைக் கடித்துக் குதறினாள்.
பதினாறு நிமிடம் அமைதி. எண்ணினேன்.
பிறகு துணி சூடாயிற்று.
அவளும்தான்.

கதவு தட்டப்பட்டது.
பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஷம்சுதீன்,
டேங்கர் ஓட்டுகிறவர்,
மூன்றரைக்கு எழ வேண்டியவர்.
திறக்கும் முன்பே மன்னிப்பை
வாயில் தயாராக வைத்துக்கொண்டேன்.
அவர் கையில் ஒரு சின்ன டியூப்.
"எங்க மூத்தவனுக்கு இதான் போட்டோம்.
தடவுங்க தம்பி, அஞ்சு நிமிஷத்துல மரத்துரும்."

மரத்துவிடும்.
அந்தச் சொல்லைக் கேட்டதுமே எனக்குத் தூக்கம் வந்தது.
கூடவே மெர்லினின் குரலும்:
மரத்த வாய்க்கு விழுங்கத் தெரியாது, அமல்.

வாங்கிக்கொண்டேன். நன்றி என்றேன்.
அலமாரி உச்சியில்
காலாவதியான பாஸ்போர்ட்டுகளுக்கு மேல் வைத்தேன்.
பார்த்துக்கொண்டே இருந்தார்.
"வீட்டம்மா நர்ஸாச்சே" என்று
தரையில் சம்மணமிட்டு
சாவிக்கொத்தை ஆட்டினார்.
அவள் வாய் திறந்து அதன் மேல் பாய
"டீசல் நாறும் தாயி" என்று
முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.
சாவி எங்கே போனது?
அந்தக் கேள்வியில் நான்கு நிமிடம் வலியை மறந்தாள்.

அவர் படுக்கப் போன பிறகு
நகம் வெட்டி, மறுபடி கழுவி,
சுட்டுவிரலை ஈற்றின் மேல் மெல்ல ஓட்டினேன்.
இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு.
அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு.
எச்சில் மணிக்கட்டு வரை வழிந்தது.
நடுவில் எதுவோ உரசியது.
நொய்யரிசி.
சோற்றில் கிடந்ததோ என்று
பைத்தியக்காரத்தனமாக ஒரு கணம் நினைத்தேன்,
நொய்யரிசி கடித்தது.

சத்தமில்லாமல் கத்தினேன்.

மல்லாக்கப் படுக்க வைத்தேன்.
தலையணை இல்லை, பொம்மை இல்லை,
அந்தத் துணியைக்கூட எடுத்துவிட்டேன்.
தாடையில் வழிந்ததை ஒற்றினேன், தேய்க்கவில்லை.
ஜன்னலில் சுத்திகரிப்பு ஆலையின் நெருப்பு
கடலோர இருட்டைத் துழாவிக்கொண்டிருந்தது.
அதற்கும் பல் முளைக்கிறதோ என்னவோ,
இரவு முழுக்க வாய் மூடவில்லை.

விடியலில் மெர்லின் வந்ததும்
வார்டு மாற்றிக்கொடுப்பது போல் ஒப்பித்தேன்:
துணி இரண்டு. விரல் ஒன்று. காய்ச்சல் இல்லை.
நான் சாப்பிடவில்லை.
அவள் முழங்கை வரை கழுவிவிட்டு
தொட்டிலை அல்ல, முதலில் என் விரலைப் பார்த்தாள்.

கம்பெனி வாசலில்
வருகைப்பதிவுப் பெட்டி விரலை ஏற்கவில்லை.
மறுபடி வை என்றது அரபியில்.
வைத்தேன்.
மறுபடி.
ரேகைகளின் குறுக்கே
ஒரு கடுகளவு பள்ளம்.
பின்னால் வரிசை நீண்டது, யாரோ ஹிந்தியில் முனகினார்கள்.

பெருவிரலை வைத்து உள்ளே போனேன்.
சுட்டுவிரலை மடக்கிக்கொண்டேன்.